சாங்ஷன் லெட்டர் கையில, பணம் மட்டும் வரல: முதல் வீடு வாங்கின ஒரு குடும்பத்தோட ஹோம் லோன் கேஸ்

இது என் தங்கச்சி குடும்பத்தோட கேஸ். அவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், பேரு ஏரியா எதுவும் போடல. மாப்பிள்ளை ஒரு தனியார் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறார், தங்கச்சி ஸ்கூல் டீச்சர், ரெண்டு பேருக்கும் கையில வர்ற சம்பளம் சேத்து மாசம் 92 ஆயிரம். சென்னை புறநகர்ல ஒரு ரீசேல் ஃப்ளாட், பேசி முடிச்ச விலை 52 லட்சம். ரெண்டு பேர் குடும்பத்துலயும் இதுக்கு முன்னாடி பேங்க் லோன் போட்டு வீடு வாங்கினவங்க யாரும் கிடையாது, அதனால எந்த லெட்டர் வந்தா சந்தோஷப்படணும், எதுக்கு இன்னும் பொறுக்கணும்னு சொல்றதுக்கு வீட்ல ஆள் இல்ல. நான் சில வருஷம் ஹோம் லோன் ப்ராசஸிங் டெஸ்க்ல வேலை பாத்தவன், ஃபைல் எந்த மேசைல நிக்கும், ஏன் நிக்கும்னு உள்ள இருந்து பாத்திருக்கேன். இவங்க கேஸ்ல ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கூட இருந்தேன். அப்ளிகேஷன் குடுத்ததுல இருந்து பத்திரம் பதிஞ்ச வரைக்கும் கிட்டத்தட்ட அஞ்சு மாசம் ஆச்சு. அதுல அவங்க ரெண்டு பேர பத்தி பேங்க் பாத்து முடிச்சது ரெண்டே வாரம். மிச்சம் பூரா வீட்டோட பேப்பர்ல போச்சு.

இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா முதல் தடவை லோன் போடறவங்க முக்கால்வாசி பேரு பயப்படறது தங்கள பத்திதான். சம்பளம் போதுமா, சிபில் ஸ்கோர் போதுமா, வேலை மாறி ஒரு வருஷம்தான் ஆச்சே குடுப்பாங்களான்னு. அதெல்லாம் சீக்கிரம் தெரிஞ்சுடும். தூக்கம் கெடற அளவுக்கு இழுக்கறது வீட்ட பத்தின பகுதிதான், அதுக்கு பதில் சொல்ல வேண்டியது நீங்க இல்ல, விக்கறவர். நீங்க காத்துட்டிருக்கறது இன்னொருத்தர் வீட்டு அலமாரில இருக்கற பேப்பருக்காக.

முதல் ரெண்டு வாரம்

இத வேகமா சொல்லிட்டு போயிடறேன், இதுல பெருசா ஒன்னும் நடக்கல. மூணு மாச சம்பள ஸ்லிப், ஆறு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட், ஃபார்ம் 16, ஆதார், பான் எல்லாம் குடுத்தாங்க. வீட்டு அட்ரஸுக்கு ஒருத்தர் வந்து பாத்துட்டு போனாரு, ஆபீஸுக்கு ஒரு போன் போச்சு. மாப்பிள்ளையோட ஸ்கோர் நல்லா இருந்துச்சு. தங்கச்சி ரிப்போர்ட்லதான் ஒரு சின்ன முள்ளு, ரொம்ப நாள் முன்னாடி வாங்கி யூஸ் பண்ணாம போட்டு வெச்ச ஒரு கிரெடிட் கார்டுல வருஷக் கட்டணம் கட்டாம பாக்கின்னு காட்டுச்சு. நாங்க அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட் எடுத்து பாத்ததால தெரிஞ்சுது, பணத்த கட்டி கார்ட க்ளோஸ் பண்ணி லெட்டர் வாங்கி ஃபைல்ல வெச்சுட்டோம். ரிசர்வ் பேங்க் உத்தரவுப்படி 2017ல இருந்து கிரெடிட் ரிப்போர்ட் தர்ற ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா குடுக்கணும், சிபில் மட்டும் இல்ல, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மூணும் சேத்து நாலு பேர். அதுல தப்பு இருந்து கம்ப்ளெயிண்ட் குடுத்து 30 நாள்ல சரி பண்ணலன்னா நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு உண்டு. லோன் போடறதுக்கு ஒரு மூணு மாசம் முன்னாடி இத எடுத்து பாத்துட்டா போதும், பேங்க் மேசைல உக்காந்து முதல் தடவையா அந்த பாக்கிய கேள்விப்பட வேண்டி இருக்காது.

ரெண்டு வாரத்துல சாங்ஷன் லெட்டர் வந்துச்சு, அதாவது இவ்ளோ லோன் தர சம்மதம்னு பேங்க் எழுதி குடுக்கறது. 41 லட்சத்து 60 ஆயிரம், 20 வருஷம், எட்டரை பர்சன்ட், ரிசர்வ் பேங்கோட ரெப்போ வட்டி ஏறி இறங்கினா கூடவே மாறற ஃப்ளோட்டிங் ரேட். தங்கச்சி வீட்ல அன்னைக்கு ஸ்வீட் வாங்கிட்டாங்க. "அண்ணா, லோன் ஓகே ஆயிடுச்சு"ன்னு போன். நான் அவள சந்தோஷப்பட விட்டுட்டு அப்பறமா லெட்டரோட ரெண்டாவது பக்கத்த படிக்க சொன்னேன். அதுல குட்டி எழுத்துல இருக்கும், லீகல் மற்றும் டெக்னிக்கல் ரிப்போர்ட் திருப்தியா இருந்தா மட்டும்னு. லீகல்னா பேங்க் வக்கீல் பத்திரத்த பாக்கறது, டெக்னிக்கல்னா இன்ஜினியர் வீட்ட அளந்து மதிப்பு போடறது. அந்த ஒரு வரிக்குள்ளதான் அடுத்த நாலு மாசம் இருந்துச்சு.

அட்வான்ஸ் ஒப்பந்தம், இந்த கேஸோட உயிர்நாடி

லீகல் பாக்கறதுக்கு பேங்க் கிரய ஒப்பந்தம் கேக்கும், ஒப்பந்தம் போட விக்கறவர் அட்வான்ஸ் கேப்பார். அதாவது வீடு லோனுக்கு தேறுமா தேறாதான்னு தெரியறதுக்கு முன்னாடியே உங்க பணம் கொஞ்சம் அவர் கைக்கு போயிடும். முதல் தடவை வாங்கறவங்கள இந்த இடம்தான் மாட்டி விடுது. வழக்கமா ப்ரோக்கர் ஒரு ரெடிமேட் ஒப்பந்தம் வெச்சிருப்பார், மூணு மாசத்துக்குள்ள மீதிப் பணத்த குடுத்து கிரயம் பண்ணிக்கணும், இல்லன்னா அட்வான்ஸ் போச்சுன்னு. அந்த மூணு மாசத்துல பேங்க் எவ்ளோ எடுத்துக்கும், விக்கறவர் பேப்பர் குடுக்க எவ்ளோ எடுத்துப்பார், அத பத்தி ஒரு வரி இருக்காது.

இவங்க குடுத்த அட்வான்ஸ் 5 லட்சம். சேத்து வெச்ச பணத்துல பெரிய பங்கு அது. நான் ஒப்பந்தத்துல ரெண்டு வரி சேக்கணும்னு பிடிவாதமா நின்னேன். ஒன்னு, பேங்க் வக்கீல் பத்திரத்துல குறை சொல்லி அத விக்கறவங்களால சரி பண்ண முடியலன்னா முழு அட்வான்ஸும் 15 நாள்ல திரும்ப வரணும். ரெண்டாவது, விக்கறவங்க தரப்பு பேப்பருக்காக ஆகற தாமதம் எவ்ளோவோ அவ்ளோ நாள் ஒப்பந்தக் காலமும் தானா நீளணும். மூணாவதா ஒன்னு கேட்டேன், பேங்க் மதிப்பீடு விலைக்கு கீழ வந்தா விலைய திரும்ப பேசலாம்னு, அதுக்கு விக்கறவர் ஒத்துக்கல, சரின்னு விட்டுட்டோம். ப்ரோக்கருக்கு கோவம், "இவ்ளோ நம்பிக்கை இல்லாம எப்டி சார் வீடு வாங்கறது, வேற பார்ட்டி ரெடி கேஷோட நிக்கறாங்க"ன்னாரு. மாப்பிள்ளை கொஞ்சம் ஆடிப்போயிட்டார், வெளிய கூட்டிட்டு வந்து "மச்சான், வீடு கை நழுவிடுமோ"ன்னு கேட்டார். ரெடி கேஷ் பார்ட்டி நெஜமா இருந்தா இவ்ளோ நாள் ஏன் வீடு சும்மா கெடந்துச்சுன்னு மட்டும் யோசிங்கன்னேன். விக்கறவர் நல்ல மனுஷன், அவரே ரெண்டு வரிக்கும் சம்மதிச்சுட்டார், பின்னாடி என்ன வரப்போகுதுன்னு அவருக்கும் அன்னைக்கு தெரியாது.

மதிப்பீடு குறைஞ்சுது

டெக்னிக்கலுக்கு பேங்க் அனுப்பின இன்ஜினியர் டேப் புடிச்சு அளந்தார், அப்ரூவ்டு ப்ளானோட ஒப்பிட்டு பாத்தார். பத்திரத்துல போட்டிருந்தத விட கட்டிட அளவு கொஞ்சம் குறைச்சலா வந்துச்சு, கட்டிடத்தோட வயசையும் கழிச்சு 49 லட்சம்னு எழுதிட்டார். லோன் கணக்கு ஒப்பந்த விலை, பேங்க் மதிப்பு ரெண்டுல எது கம்மியோ அதுலதான். ரிசர்வ் பேங்க் விதிப்படி 30 லட்சம் வரைக்கும் லோன்னா மதிப்புல 90 சதவீதம் வரை குடுக்கலாம், 30க்கு மேல 75 லட்சம் வரைக்கும் 80 சதவீதம், அதுக்கும் மேல போனா 75. ஆக 49 லட்சத்துல 80 சதவீதம், 39 லட்சத்து 20 ஆயிரம். சாங்ஷன் லெட்டர்ல இருந்த தொகைல இருந்து 2 லட்சத்து 40 ஆயிரம் ஒரே நாள்ல காணாம போச்சு.

இன்னொரு பக்கம் பத்திரச் செலவு. தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ரெண்டும் சேத்து 52 லட்சத்துக்கு 4 லட்சத்து 68 ஆயிரம். லோன் எவ்ளோன்னு கணக்கு போடும்போது இந்த செலவ வீட்டு விலையோட சேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லி இருக்கு, அதனால இது முழுக்க கைக்காசு. விலைல லோன் போக மிச்சம் 12 லட்சத்து 80 ஆயிரம், இது 4 லட்சத்து 68 ஆயிரம், மொத்தம் 17 லட்சத்து 48 ஆயிரம் சொந்தமா வேணும். அவங்க ரெடி பண்ணி வெச்சிருந்தது 15 லட்சம் சொச்சம்.

இந்த இடத்துல ஒருத்தர் மனசு எங்க போகும்னு எனக்கு தெரியும், பர்சனல் லோன். மாப்பிள்ளையோட பேங்க் ஆப்ல "உங்களுக்கு 3 லட்சம் ப்ரீ அப்ரூவ்டு"ன்னு மினுமினுன்னு காட்டிட்டே இருக்கும். வேணவே வேணாம்னு சொன்னேன். பணம் விடறதுக்கு முன்னாடி பேங்க் இன்னொரு தடவை கிரெடிட் ரிப்போர்ட் எடுக்கறது சகஜம், கிரெடிட் தகவலும் 2025ல இருந்து 15 நாளுக்கு ஒரு தடவையாவது அப்டேட் ஆகுது, புதுசா ஒரு ஈஎம்ஐ முளைச்சிருந்தா வருமானக் கணக்க முதல்ல இருந்து போடுவாங்க. நகைக் கடன் தெரியாதுன்னு நெனைக்கறவங்க உண்டு, பேங்க்லயோ ஃபைனான்ஸ் கம்பெனிலயோ வெச்சா அதுவும் ரிப்போர்ட்ல வரும். கடைசில மாப்பிள்ளையோட பிஎஃப்ல இருந்து வீட்டுக்குன்னு காரணம் காட்டி எடுத்தாங்க, அதுக்கும் சில வாரம் ஆச்சு, ஆனா ஃபைல் எப்டியும் லீகல்ல நின்னுட்டிருந்ததால அந்த நேரம் வீணாகல.

பாட்டியோட பங்கு

இப்ப முக்கியமான இடம். ஃப்ளாட்ட 2009ல வாங்கினது விக்கறவரோட அப்பா. அவர் 2016ல தவறிட்டார், உயில் எதுவும் எழுதல. விக்கறவர், அவரோட அம்மா, கல்யாணமான தங்கச்சி, மூணு பேரும் கையெழுத்து போட தயாரா இருந்தாங்க. பொண்ணோட கையெழுத்த விட்டுட்டு விக்க வர்றவங்க நெறைய, இவங்க அப்டி இல்ல, எல்லாம் சுத்தமா இருக்குன்னு எல்லாரும் நெனச்சோம். ஈசி, அதாவது வில்லங்கச் சான்றிதழ், போட்டு பாத்ததுல 30 வருஷத்துக்கும் ஒரு வில்லங்கமும் இல்ல. வாரிசு சான்றிதழும் தாசில்தார் ஆபீஸ்ல வாங்கினது கைல இருந்துச்சு.

அந்த வாரிசு சான்றிதழ்ல நாலு பேரு இருந்தாங்க. மனைவி, மகன், மகள், நாலாவதா இறந்தவரோட அம்மா, அதாவது விக்கறவரோட பாட்டி. பாட்டி 2019ல காலமாயிட்டாங்க, அதனால நாலாவது பேர யாரும் கண்டுக்கல, போனவங்கதானேன்னு.

பேங்க் வக்கீல் அங்கதான் விரல வெச்சார். இந்து வாரிசு உரிமைச் சட்டம் 1956படி உயில் எழுதாம ஒரு ஆம்பள இறந்தா மனைவி, புள்ளைங்க மாதிரியே அவரப் பெத்த அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு, சமமான பங்கு. 2016ல மகன் இறந்த அன்னைக்கே பாட்டிக்கு நாலுல ஒரு பங்கு வந்துடுச்சு. அப்பறம் அவங்க இறந்ததால அந்த பங்கு திரும்ப வந்து இந்த மூணு பேருக்கு சேராது, பாட்டியோட வாரிசுங்களுக்கு போகும். பாட்டிக்கு மூணு புள்ளைங்க, இறந்து போன இவர், இவரோட தம்பி ஒருத்தர், தங்கச்சி ஒருத்தங்க. இறந்த மகனோட பங்கு அவரோட புள்ளைங்களுக்கு. ஆக நாலுல ஒன்ன மூணா பிரிச்சா ஆளுக்கு பன்னெண்டுல ஒரு பங்கு, விக்கறவரோட சித்தப்பாவுக்கு ஒன்னு அத்தைக்கு ஒன்னு, மொத்தத்துல ஆறுல ஒரு பங்கு வீடு கையெழுத்தே போடாத ரெண்டு பேர்கிட்ட இருக்கு. 52 லட்சத்துல பாத்தா எட்டரை லட்சத்துக்கு மேல.

ஈசில இது ஏன் வரலன்னு தங்கச்சி கேட்டா. ஈசில வர்றது பதிஞ்ச பத்திரங்க மட்டும்தான், சாவுனால தானா கை மாறற உரிமை எந்த புக்லயும் ஏறாது. ஈசி சுத்தமா இருக்குன்னு சொல்றத முதல் தடவை வாங்கறவங்க முழு பாதுகாப்புன்னு எடுத்துக்கறாங்க, ப்ரோக்கரும் அத காட்டித்தான் பேசறார், அதனாலதான் இத அழுத்தி சொல்றேன். சொத்து வரலாறுல எங்கயாவது ஒரு மரணம் இருந்தா அந்த தேதில யாரெல்லாம் உயிரோட இருந்தாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி பாருங்க, குறிப்பா அம்மா. நான் டெஸ்க்ல இருந்தப்பவும் திரும்பத் திரும்ப பாத்த குறை இது, மகனுக்கு பின்னாடி உயிரோட இருந்த அம்மாவ சொந்தக்காரங்களே கணக்குல எடுக்க மாட்டாங்க.

"ப்ராசஸ்ல இருக்கு"

இந்த குறைய வக்கீல் எழுதினது எப்ப, எங்களுக்கு தெரிஞ்சது எப்ப, அதுக்கு நடுவுல மூணு வாரத்துக்கும் மேல போயிடுச்சு. இதுல எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. தங்கச்சி போன் பண்ணும்போதெல்லாம் பேங்க் பிராஞ்ச்ல "ப்ராசஸ்ல இருக்கு மேடம்"னு ஒரே பதில். பிராஞ்ச்ல இருக்கறவங்களுக்கே தெரியாது, ஃபைல் வேற ஆபீஸ்ல இருக்கும், லீகல் ரிப்போர்ட் கம்ப்யூட்டர்ல ஏறி யாரும் தொறந்து பாக்காம கெடக்கும். வேணும்னு யாரும் பண்றதில்ல, ஆனா வாடகை வீட்டு ஓனருக்கு காலி பண்றோம்னு சொல்லிட்டு, புள்ளைக்கு புது ஸ்கூல்ல சீட் கேட்டுட்டு, ராத்திரி முழிச்சு கெடக்கற ஒரு பொண்ணுக்கு அந்த மூணு வாரம் என்னன்னு அந்த பதில் சொல்றவருக்கு தெரியணும்.

ஆயிடுச்சான்னு கேட்டா ஆகலன்னுதான் பதில் வரும், அதனால நான் தங்கச்சிக்கு கேள்விய மாத்தி எழுதி குடுத்தேன். ஃபைல் இப்ப கிரெடிட்லயா, லீகல்லயா, டெக்னிக்கல்லயா. வக்கீல்கிட்ட பேப்பர் எந்த தேதில போச்சு, ரிப்போர்ட் எந்த தேதில வந்துச்சு. கேள்வி எதாவது எழுதி இருந்தா அதோட அதே வார்த்தைய மெயில்ல அனுப்புங்க. இத மெயில்லயே கேக்க சொன்னேன், பிராஞ்ச் மேனேஜருக்கும் ஒரு காப்பி. ரெண்டாவது நாள் பதில் வந்துடுச்சு, கூடவே வக்கீலோட ரெண்டு பக்க குறிப்பும். கேள்வி என்னன்னு தெரிஞ்ச அன்னைக்கே அவ குரல் மாறிடுச்சு, பிரச்சனை பெருசுதான், ஆனா இப்ப அதுக்கு ஒரு உருவம் இருக்கு, என்ன பண்ணலாம்னு யோசிக்கலாம். லோன மறுத்தாலும் காரணத்த எழுத்துல சொல்லணும்னு ரிசர்வ் பேங்கோட நியாய நடைமுறை விதி இருக்கு, லோன் சின்னதோ பெருசோ. அதனால எழுத்துல கேக்கறதுக்கு தயங்கவே வேணாம்.

வேற பேங்க் போலாமா

லோன் ஏஜென்ட் ஒருத்தர் இருந்தார், பேங்குக்கு கமிஷன்ல ஃபைல் கொண்டு வர்றவர். அவர் மாப்பிள்ளைய தனியா கூப்பிட்டு, இந்த வக்கீல் ரொம்ப தோண்டுவார் சார், வேற ஒரு இடத்துல போடலாம், அங்க வாரிசு சான்றிதழும் மூணு பேர் கையெழுத்தும் போதும், பாட்டி மேட்டர் கேக்கவே மாட்டாங்க, வட்டி கால் பர்சன்ட் கூட, பத்து நாள்ல முடிச்சுடலாம்னார். மாப்பிள்ளைக்கு சபலம் வந்துடுச்சு, வந்தது தப்பும் இல்ல, மூணு மாசம் ஓடிப்போச்சு, விக்கறவர் பக்கமும் அவசரம், எல்லாரும் முடிஞ்சா போதும்ங்கற மனநிலைக்கு வந்துட்டாங்க. இந்த முழு கேஸ்லயும் எல்லாம் கெட்டு போயிருக்கக் கூடிய நாள்னா அது அன்னைக்குதான்.

அவர்கிட்ட நான் சொன்னது இதான். பேங்க் மாத்தினா குறை போகாது, குறைய பாக்கற கண்ணு மட்டும்தான் போகும். இப்ப சித்தப்பா, அத்தை ரெண்டு பேரும் சுமுகமா இருக்காங்க, பங்கு இருக்குன்னே அவங்களுக்கு தெரியாது. பத்து வருஷம் கழிச்சு நீங்க விக்க போறப்ப வாங்க வர்றவங்களோட பேங்க் வக்கீல் இதே கேள்விய கேப்பார், அப்ப அந்த ரெண்டு பேர் இருப்பாங்களா, அவங்க புள்ளைங்க எத்தன பேர், எந்த ஊர்ல, எந்த மனநிலைல இருப்பாங்கன்னு யாருக்கு தெரியும். கூட்டு பங்குதாரர் உரிமை வருஷம் ஆயிடுச்சுன்னு சும்மா கரைஞ்சு போறதும் இல்ல. அப்ப ஒவ்வொரு கையெழுத்துக்கும் நீங்கதான் அலையணும், ஈஎம்ஐ கட்டினதும் நீங்கதான். இன்னைக்கு கேள்விக்கு பதில் சொல்ல வேண்டியவர் விக்கறவர், பத்திரம் பதிஞ்ச மறுநாளே அந்த பாரம் உங்க தோளுக்கு மாறிடும்.

பேங்க் வக்கீல் பேங்கோட பணத்த காப்பாத்தத்தான் பாக்கறார், உங்களுக்காக இல்ல. அது உண்மைதான். ஆனா பத்திரம் நல்லா இருக்கணும்ங்கற விஷயத்துல மட்டும் அவரும் நீங்களும் ஒரே பக்கம். ரொம்ப தோண்டற வக்கீல் கெடச்சா அத அதிர்ஷ்டம்னு எடுத்துக்கங்க.

மாப்பிள்ளை ராத்திரி பூரா யோசிச்சுட்டு காலைல போன் பண்ணி "இதே பேங்க்ல இருக்கலாம் மச்சான்"னார்.

சிங்கப்பூர்ல இருந்து ஒரு கையெழுத்து

தீர்வு ரெண்டு வழில இருந்துச்சு. சித்தப்பாவும் அத்தையும் விக்கறவங்களா கிரயப் பத்திரத்துலயே சேந்துக்கலாம், இல்லன்னா முன்னாடியே தங்களோட பங்க விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி குடுக்கலாம். அத்தை சிங்கப்பூர்ல செட்டில் ஆனவங்க. அவங்களே விக்கறவங்களா வந்தா வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு டிடிஎஸ், அதாவது பணம் குடுக்கறப்பவே வரி புடிக்கற விதி, வேற, வாங்கறவங்க தலைல அந்த வேலை விழும். அதனால விடுதலைப் பத்திரம்னு முடிவாச்சு, செலவு விக்கறவரோடது. சித்தப்பா பக்கத்துலயே இருந்தார், கேட்ட உடனே "அண்ணன் சம்பாதிச்ச வீடு, எனக்கு எதுக்கு"ன்னு சம்மதிச்சுட்டார்.

அத்தை வர முடியல, உடம்பு சரியில்ல. அவங்க அங்க இருக்கற இந்திய தூதரகத்துல போய் கையெழுத்து போட்டு, உள்ளூர்ல ஒருத்தருக்கு பவர் குடுத்து அனுப்பினாங்க. வெளிநாட்டுல எழுதின பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள இங்க முத்திரைத் தீர்வை கட்டணும், மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல. அத முடிச்சு அப்பறம்தான் அந்த பவர வெச்சு விடுதலைப் பத்திரம் பதிய முடியும். பவர் எழுதி நாளாயிடுச்சுன்னா குடுத்தவங்க உயிரோட இருக்காங்கன்னு ஆயுள் சான்றிதழ் வேற கேப்பாங்க, இதுக்கும் ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் அங்க இருந்து வந்துச்சு. தூதரக அப்பாயின்மெண்ட், கூரியர், பதிவாளர் ஆபீஸ்னு ஒவ்வொன்னுக்கும் சில நாள், சேத்து பாத்தா ஒன்றரை மாசம். ஒப்பந்தத்தோட மூணு மாசக் கெடு இதுக்கு நடுவுல முடிஞ்சு போச்சு. ரெண்டாவது வரி அங்க இருந்ததால யாரும் யாரையும் மிரட்டல, ப்ரோக்கர் ஒரு தடவை ஆரம்பிச்சார், விக்கறவரே "நம்ம பேப்பர்தானே லேட்டு"ன்னு அடக்கிட்டார்.

தங்கச்சிக்கு அந்த ஒன்றரை மாசம் நான் சொன்னது, சாங்ஷன் லெட்டர்ல செல்லுபடி தேதி பாரு, பேங்குக்கு பேங்க் மாறும், அது முடிஞ்சா திரும்ப சம்பள ஸ்லிப்பெல்லாம் புதுசா கேப்பாங்க. வேலைய மாத்தாதீங்க, ரெண்டு பேர்ல யாரும். பெரிய தொகை எதுவும் அக்கவுண்ட்ல காரணம் சொல்ல முடியாம வந்து போக வேணாம். வட்டி விவரம், கட்டணம் எல்லாம் சேத்து ஒரே பேப்பர்ல பேங்க் குடுக்கணும்னு 2024 அக்டோபர்ல இருந்து விதி, கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்னு பேரு, தொகை மாறினதால அதயும் புதுசா வாங்கிக்கன்னேன். அவ வாங்கி பாத்ததுல பழைய தொகைக்கு போட்ட இன்சூரன்ஸ் ப்ரீமியம் அப்படியே இருந்துச்சு, கேட்டதும் எடுத்துட்டாங்க.

பத்திர ஆபீஸ்

விடுதலைப் பத்திரம் பதிஞ்சு, அது ஏறின புது ஈசி எடுத்து வக்கீலுக்கு குடுத்து, அவர் க்ளியர்னு எழுதினதும் பேங்க் ஒரே வாரத்துல எல்லாத்தையும் முடிச்சுட்டாங்க. விலை 50 லட்சத்துக்கு மேல இருந்ததால ஒரு சதவீதம் டிடிஎஸ், 52 ஆயிரம், விக்கறவங்க பணத்துல புடிச்சு கட்டணும், வாங்கறவங்க ரெண்டு பேர், விக்கறவங்க மூணு பேர்ங்கறதால ஆறு ஃபார்ம் ஆச்சு. பங்கு முறை எடுத்து மாப்பிள்ளையே போட்டுட்டார், அக்கவுண்ட்ஸ் ஆள். ரீசேல்ல கைக்காசு முதல்ல போய் சேந்துடுச்சுன்னு ரசீது காட்டினாதான் பேங்க் டிடி எடுக்கும், அது முதல் தடவை வாங்கறவங்களுக்கு பயமாத்தான் இருக்கும், 12 லட்சத்த குடுத்துட்டு வெறும் ரசீதோட நிக்கறது. ஒப்பந்தம் எழுத்துல தெளிவா இருந்தா அந்த பயம் பாதி கொறையும். பதிவு நாள்ல பேங்க் ஆள் டிடியோட வந்தார், விக்கறவங்க மூணு பேரும் கையெழுத்து போட்டு கைரேகை வெச்சதும் டிடி கை மாறுச்சு.

அதே கையோட ஒரிஜினல் பத்திரங்கள பேங்குக்கு ஒப்படைச்சு எம்ஓடி, அதாவது பத்திரத்த அடமானமா வெச்சதுக்கான ஆவணம், பதிஞ்சாங்க. தங்கச்சி பேர முதல் பேரா போட்டாங்க, அது மாப்பிள்ளை எடுத்த முடிவு. ஈஎம்ஐ 34 ஆயிரம் சொச்சம், அவங்க ரெண்டு பேரோட வருமானத்துல முப்பத்தேழு சதவீதம், தாங்கக் கூடியது. ஃப்ளோட்டிங் ரேட்ங்கறதால கையில காசு வர்றப்ப முன்கூட்டி கட்டினா அபராதம் கெடையாது, பிஎஃப்ல எடுத்தத திரும்ப சேக்கறதா, அசல்ல கட்டறதான்னு இப்ப ரெண்டு பேருக்கும் பேச்சு ஓடுது.

கடைசியா ஒரு பேப்பர் வாங்கிக்க சொன்னேன், பேங்க் வாங்கி வெச்ச பத்திரங்களோட பட்டியல், சீல் போட்டு. 2009 பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், வாரிசு சான்றிதழ், ரெண்டு இறப்பு சான்றிதழ், அத்தையோட பவர், விடுதலைப் பத்திரம், இப்ப பதிஞ்ச கிரயம், எல்லாம் நம்பரோட அதுல இருக்கு. லோன் முடிஞ்ச 30 நாள்ல எல்லாத்தையும் திருப்பி குடுக்கலன்னா நாளுக்கு 5000 ரூபாய் பேங்க் தரணும்னு 2023 டிசம்பர்ல இருந்து விதி இருக்கு, ஆனா அன்னைக்கு எத குடுத்தோம்னு காட்ட இந்த பட்டியல் வேணும். தங்கச்சி அத ஸ்கேன் பண்ணி எனக்கும் ஒன்னு, விக்கறவருக்கும் ஒன்னு அனுப்பி வெச்சுட்டா.